பாதி பாரம்

பழனி
20.1.2025

வேலும் மயிலும் துணை.

அன்புத் தங்கை கண்மணிக்கு அண்ணன் ராஜமுருகன் எழுதுவது.

மலைப் பாதையில் வாந்தி எடுக்காமல் பூண்டி போய்ச் சேர்ந்தாய் என்று மாப்பிள்ளை போன் பண்ணினார். இங்கே எனக்கும் உன் அண்ணிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன்னை இங்கேயே வைத்துக்கொள்ளவில்லை என்று தேவசேனா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கடைக்கு மேலே மாடியில் நம் வீடு. ஒற்றைக் காலோடு இருக்கிற உன்னை நான் தோளில் தூக்கிக்கொண்டா ஏறுவது? கல்யாணத்துக்கு முன்னால் என்றால் தூக்கியிருப்பேன். இப்போது உன் எடைக்கு மலைக் கோயில் வின்ச்தான் வேண்டும்.

உங்கள் ஊரில் மேட்டுக் கோயில் வரைக்கும் ஏறினால்தான் சிக்னல். நீ அங்கே ஏற முடியாது. மாப்பிள்ளையிடம் நான் பத்து வார்த்தை சொன்னால் உன் காதுக்கு இரண்டுதான் வரும். அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். காய்கறி வேன் ஓட்டுகிற சேனாதிபதி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இந்த வழியாகத்தான் போகிறான். போகும்போது உன் கடிதத்தைத் தரட்டும், திரும்பும்போது என்னுடையதை வாங்கிக்கொள்ளட்டும்.

இனி கவனமாக வாசி. மதுரையில் ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னபோது நீ மயக்கத்தில் இருந்தாய். கேட்டது நான்தான். கேரட் மூட்டையோடு நீ சறுக்கி விழுந்ததில் வலது முட்டிக்குள் குருத்தெலும்பு ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. அதே முட்டியின் ஓரத்திலிருந்து, அடி எலும்போடு சேர்த்து மூன்று சின்ன முளைகளாக எடுத்து, பெயர்ந்த குழியில் அடித்து இறக்கியிருக்கிறார்கள். அடி எலும்பு ஆறு வாரத்தில் பிடித்துக்கொள்ளும். மேலே இருக்கிற குருத்துக்குத்தான் நாள் ஆகும். அதற்கு ரத்தம் போகாதாம். முட்டிக்குள் ஊறுகிற வழுவழுப்பான நீர்தான் அதற்குச் சாப்பாடு. காலை மடக்கி நீட்டினால்தான் அந்த நீர் உள்ளே போய்வரும். ஆக, நாள் முழுக்க அசைக்க வேண்டும், தரையில் மட்டும் ஊன்றக் கூடாது. முழுசாக இறுக ஒரு வருஷம் ஆகும்.

இன்னொன்று. குருத்துக்கு நரம்பும் கிடையாது. அங்கே ஏதாவது கெட்டாலும் உனக்கு வலிக்காது. வலி இல்லை என்பதை நம்பாதீர்கள் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் ஒரு தடவை சொல்கிறேன், நம்பாதே.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம் சொல். காலைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ராஜமுருகன்


பூண்டி
29.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு, கண்மணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் வந்தது. இங்கே அவரும் அத்தையும் சுகம். பனி விடவில்லை. காலையில் கேரட் இலையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

நீங்கள் சொன்னபடி செய்கிறேன். கட்டிலில் வழுவழுப்பான உரச் சாக்கு ஒன்றை விரித்து, அதன்மேல் குதிகாலை வைத்து இழுப்பதும் நீட்டுவதும்தான் என் வேலை. காலையில் இருநூறு, மத்தியானம் இருநூறு, விளக்கு வைப்பதற்குள் இன்னொரு நூறு. சக்கு சக்கு என்று சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டில் பல்லைத் தேய்க்கிறார்கள் என்று நினைத்தேன், பார்த்தால் என் கால்தான் என்று அவர் கேலி பண்ணுகிறார்.

என் இடத்துக்கு மேலத்தெரு ஷர்மிளாவைக் கூலிக்கு வைத்திருக்கிறோம். நல்ல பெண், சுறுசுறுப்பு. என் களைக்கொத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் கொத்துகிற பாத்தியில் நான்கு வரிசை முடித்துவிட்டுத்தான் நிமிர்கிறாள்.

எனக்குச் சோறு தட்டில் வருகிறது. குடிக்கிற தண்ணீர்கூடச் செம்பில் வந்துவிடுகிறது. கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில் இப்படி இருந்ததில்லை. எழுந்திருக்கப் பார்த்தால் அத்தை, "நீ பேசாமக் கெட தாயி, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார். அவர் அன்பாகத்தான் சொல்கிறார்.

பூண்டுத் தாள் மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது. பிப்ரவரி கடைசியில் பிடுங்க வேண்டும். அதற்குள் நான் கால் ஊன்றலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். தைப்பூசக் கூட்டத்தில் சாப்பிட மறந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை
கண்மணி


பழனி
16.2.2025

வேலும் மயிலும் துணை.

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமானதற்குத் திட்டாதே. பூசம் முடிந்து ஐந்து நாள் ஆகியும் என் காதில் இன்னும் அரோகரா ஓயவில்லை. அண்ணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. முருகன் எனக்கும் அவ்வப்போது கண் திறக்கத்தான் செய்கிறான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று டாக்டரிடமே போனில் பேசிவிட்டேன். அவர் சொல்வதெல்லாம் இங்கிலீஷ். நான் விடவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன். அச்சு அசலாகத் தமிழில் கீழே எழுதுகிறேன்:

பத்தொன்பதாம் தேதியோடு ஆறு வாரம் முடிகிறது. அன்றிலிருந்து பாதி பாரம் போடலாம். ஏப்ரல் 9 செக்கப் வரைக்கும் பாதி பாரம்தான். அதற்கு மேல் ஒரு கிராம்கூடக் கூடாது. செக்கப்பில் ஸ்கேன் பார்த்துவிட்டு முழு பாரம்.

இதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரக் கூடாது. மாப்பிள்ளையை விட்டு வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்கச் சொல். அப்புறம், தெரியாது, யாரும் சொல்லவில்லை என்ற பேச்சு வேண்டாம். அப்பா இல்லாத வீட்டில் உன்னை வளர்த்தவன் நான். உன் கால் விஷயத்தில் ஒரு வார்த்தை பிசகக் கூடாது.

மடக்கி நீட்டுவதை விட்டுவிடாதே.

உன் அண்ணன்
ராஜமுருகன்


பூண்டி
27.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமா? அண்ணிக்குக் குரல் திரும்பிவிட்டதா?

உங்கள் கடிதத்தை அவர் சத்தமாக வாசித்தார். எல்லோரும் இருந்தோம். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். பாதி பாரம் என்ற இடத்தை இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

பூண்டு பிடுங்க ஆரம்பித்துவிட்டோம். இந்த வருஷம் காய் நல்ல திரட்சி. அத்தை கோணி ஊசியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருக்கிறார். நானும் இப்போது சும்மா இல்லை. கட்டிலை விட்டு எழுந்துவிட்டேன். ஷர்மிளாவை நிறுத்திவிடலாம் என்று அவர் சொல்கிறார்.

வலி இல்லை.

வெயில் ஏறுவதற்குள் காட்டுக்குப் போக வேண்டும். அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் தங்கை
கண்மணி


பழனி
16.3.2025

வேலும் மயிலும் துணை.

அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகம் அறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனாலும் அதுதான் உண்மை. இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சேனாதிபதியிடம் கேட்டால், "தங்கச்சி நல்லாத்தான்ணே இருக்கு, காட்டுல நிக்குது, ஆளோட ஆளா சோலியப் பாக்குது" என்கிறான். கேட்டதும் கடையில் இருந்த நாலு பேருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். நின்றுகொண்டு தாள் அறுப்பது, காய் பொறுக்குவது மாதிரி லேசான வேலை என்றால் தப்பில்லை.

ஆனால் நீ வீக்கத்தைப் பற்றி எழுதவே இல்லை. முட்டி சாயங்காலம் உப்புகிறதா, தொட்டால் சுடுகிறதா என்று கவனிக்க டாக்டர் சொல்லியிருந்தார். இருக்கிறதா இல்லையா? ஒற்றை வார்த்தையில் எழுது.

ஏப்ரல் 9 செக்கப்புக்கு நான் வர முடியாது. பதினொன்றாம் தேதி பங்குனி உத்திரம். பத்து நாளும் கடையை விட்டு அசைய முடியாது. மாப்பிள்ளை கூட வரட்டும். டாக்டர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்ளச் சொல். அவருக்கு மறதி. பூண்டு விலை மட்டும்தான் ஞாபகம் நிற்கும்.

உன் அண்ணன்
ராஜமுருகன்


பூண்டி
14.4.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் புத்தாண்டு வணக்கம்.

மதுரைக்குப் போய் வந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பார்த்தார். ஜூலை 9 மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். வேறு ஒன்றும் இல்லை.

உத்திரத்துக்கு இந்த வருஷம் கூட்டம் எப்படி? தேர் நேரத்துக்கு நிலைக்கு வந்ததா? அண்ணி கடையில் உட்கார்ந்தார்களா? நேற்று இங்கே நல்ல மழை. பிளம்ஸ் மரத்தில் பிஞ்சு நிறைய உதிர்ந்துவிட்டது.

கண்மணி


பழனி
2.5.2025

திரு. கந்தவேல் அவர்களுக்கு,

உங்கள் உடம்பு நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் தங்கை உடம்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இன்று காலை சேனாதிபதி டீ குடிக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டான். "பாவம்ணே, தங்கச்சி திரும்பவும் கட்டைய ஊண்டிக்கிட்டு நடக்குது. மாசி முழுக்க மூட்ட தூக்குனது பத்தாதா?" என்றான். எந்த மூட்டை என்று கேட்டேன்.  அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பாத்தியிலிருந்து ரோடு வரைக்கும், அந்தச் செங்குத்துப் படியில், கண்மணி முதுகில் பூண்டு மூட்டை ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. மூன்று வாரம்.

நான் கேட்கிறேன், நீங்கள் மனுஷன்தானா? முட்டியைத் திறந்து மூன்று முளை அடித்து மூடிய காலில், ஏழாவது வாரத்தில் மூட்டை. மாட்டுக்குக் கால் ஒடிந்தால்கூட மூன்று மாசம் ஏர் பூட்ட மாட்டோம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லையா? உங்கள் அம்மா கண்ணில் படவில்லையா? டாக்டர் சொன்னதை நான் எழுத்து எழுத்தாக எழுதி அனுப்பினேனே, அதை எந்த அடுப்பில் போட்டீர்கள்?

அவள் எனக்கு ஒன்றும் எழுதவில்லை. எழுத விடவில்லையா, பயந்துகொண்டு எழுதவில்லையா என்று தெரியவில்லை. அவளை நான் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். கட்டிக்கொடுத்தேனே தவிர விற்றுவிடவில்லை.

ராஜமுருகன்


பூண்டி
9.5.2025

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, கந்தவேல் வணக்கம்.

நான் கடிதம் எழுதிப் பழகியவன் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் கடிதத்தை நாங்கள் அடுப்பில் போடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தோம். பிப்ரவரி பதினாறாம் தேதி நீங்கள் எழுதியது. அதை இதோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து வாசித்துப் பாருங்கள்.

பாதி பாரம் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். மலையில் ஒரு பாரம் என்றால் ஐம்பது கிலோ மூட்டை மச்சான். வேறு பாரம் எங்களுக்குத் தெரியாது. அதில் பாதி இருபத்தைந்து கிலோ. ஒரு கிராம்கூட அதிகம் கூடாது என்று நீங்கள் எழுதியிருந்ததால் அம்மா ஐம்பது கிலோச் சாக்குகளை வெட்டிச் சின்னதாகத் தைத்தார். ஒவ்வொரு மூட்டையையும் தராசில் வைத்துத்தான் அவள் முதுகில் ஏற்றினோம். முள் கொஞ்சம் சாய்ந்தாலும் அம்மா இரண்டு பூண்டை எடுத்து வெளியே போட்டுவிடுவார். மற்றவர்கள் தூக்கிய பெரிய மூட்டையை அவள் தொட நாங்கள் விடவில்லை. அசைவு கொடுத்தால்தான் குருத்துக்குச் சாப்பாடு என்று முன்னால் எழுதியிருந்தீர்கள். படி ஏறி இறங்குவதும் அதற்குத்தான் என்று நினைத்தோம்.

மதுரையில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "என்ன தூக்குனீங்க? யாரு தூக்கச் சொன்னது?" என்று கத்தினார். கண்மணி தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான், "அவங்க அண்ணன் எழுதியிருந்தாருங்க, நீங்க பாதி பாரம் போடச் சொன்னதா" என்றேன்.  அவர் சொன்ன பாரம் வேறு என்று விளக்கினார். சொந்த உடம்பின் எடையில் பாதியை அந்தக் காலில் ஊன்றலாம் என்பதுதான் அதற்கு அர்த்தமாம்.

நடு முளை அமிழ்ந்து போய்விட்டது. அதன்மேல் இருந்த குருத்து உரிந்து நிற்கிறது. மற்ற இரண்டு முளையும் தாங்குமா என்று ஜூலை ஸ்கேனில்தான் தெரியும். தாங்கவில்லை என்றால் மறுபடி கீற வேண்டும். தாங்கினாலும் இனி சரிவில் சுமை தூக்கக் கூடாது. எங்கள் ஊரில் சரிவு இல்லாத இடம் எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கண்மணி என்னிடம் சத்தியம் வாங்கினாள். நீங்கள் மனுஷன்தானா என்று கேட்டு எழுதிய பிறகு என்னால் இருக்க முடியவில்லை. சத்தியத்தை மீறிவிட்டேன்.

அவளை அழைத்துக்கொண்டு போவது பற்றி எழுதியிருந்தீர்கள். அவள் வந்தால் எனக்குத் தடை இல்லை. உங்கள் கடிதம் வந்த அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

கந்தவேல்


பூண்டி
26.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அவர் உங்களுக்கு எழுதியது எனக்கு இப்போதுதான் தெரியும். இரண்டு வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. கடை பாதிக் கதவு சாத்தியிருக்கிறது, அண்ணன் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டாலும் சும்மா பார்க்கிறார் என்று சேனாதிபதி சொன்னான். என்னால் மேட்டுக்கு ஏற முடியவில்லை, இல்லாவிட்டால் போன் பண்ணியிருப்பேன். அவர் பண்ணினால் நீங்கள் எடுக்கவில்லை.

அண்ணே, அதை அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணியையாவது நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

கண்மணி


பழனி
15.6.2025

கண்மணிக்கு,

சாப்பிடுகிறேன். உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறாள்.

மாப்பிள்ளை திருப்பி அனுப்பிய கடிதம் மேஜையில் இருக்கிறது. என் கையெழுத்துத்தான். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரக் கூடாது என்று வேறு எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன். டாக்டர் பேசிய இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காதில் விழுந்ததை எனக்குத் தெரிந்த தமிழில் போட்டுவிட்டேன். 'காலில் ஊன்றலாம்' என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டு வார்த்தை. முதல் கடிதத்தில் ஊன்றக் கூடாது என்று எழுதத் தெரிந்தவனுக்கு இதில் எழுதத் தெரியவில்லை. டாக்டர் சொன்ன மாதிரியே இருக்கட்டும் என்று பாரம் என்று போட்டேன். பெரிய மனுஷத்தனம்.

அதற்கு மேல் மாப்பிள்ளையை நீங்கள் மனுஷன்தானா என்றெல்லாம் கேட்டு எழுதினேன். இருபத்தைந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று இரண்டு பூண்டை எடுத்து வெளியே போட்ட அந்த அம்மாவைத் திட்டினேன். அவர்கள் காலில் விழுந்தாலும் தகும். எந்த முகத்தோடு வந்து விழுவது?

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் எவ்வளவு வழி சொல்லியிருப்பேன், உனக்கே தெரியும். நேற்று ஒரு பெரியவர் வின்ச் ஸ்டேஷனுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டார்.  பக்கத்துக் கடையில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலையில் நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். இனி டாக்டர் சொன்னது எதையும் நான் உனக்கு எழுத மாட்டேன். உன் காலைக் கெடுத்தது நான். நீ அதை எனக்குத் தெரியாமல் மறைத்து வைத்ததை நினைத்தால்தான் நெஞ்சு பிளக்கிறது. உன் கால் போனபோதும் என் மனசு நோகக் கூடாது என்று இருந்திருக்கிறாய்.

ராஜமுருகன்


பூண்டி
28.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு, கண்மணி.

நலம் விசாரிக்கிற தைரியம் இன்றைக்கு எனக்கு இல்லை. உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கடைசி இரண்டு வரியை என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் மனசு நோகக் கூடாது என்று நான் மறைக்கவில்லை அண்ணே.

ஆஸ்பத்திரியில் என்னை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், நீங்கள் எனக்கு இட்லி வாங்கப் போயிருந்தீர்கள். அப்போது உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பெண் வந்தாள். எடை மிஷினைத் தரையில் வைத்து, இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கச் சொன்னாள். "இன்னிக்கு மிஷின்ல இடது கால மட்டும் வச்சுக் காட்டுறேன், ஆறு வாரம் கழிச்சு வலது கால இதே மாதிரி வைக்கணும். உங்க எடை அம்பத்தாறு. முள்ளு இருபத்தெட்டுக்கு வந்தா நிறுத்திரணும். அதான் பாதி பாரம்" என்றாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. திருப்பிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். கெட்டிக்காரி என்று தோளில் தட்டினாள்.

உங்கள் கடிதத்தை அவர் வாசித்த அன்றைக்கு அந்த வீட்டில் அதன் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அவர் வாசித்துவிட்டு, "பாதி பாரம்னா இருபத்தஞ்சு கிலோ" என்றார். அத்தை கும்பிட்டார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அது இல்லை, என் உடம்பு எடை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சிரித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் அத்தை அவரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "வருசம் பூரா அவளால முடியாதுப்பா, பாவம். அந்தப் புள்ள ஷர்மிளாவையே நெரந்தரமா வச்சுக்குவோம். இவ வீட்டுல கெடக்கட்டும்" என்றார். என்மேல் இருந்த இரக்கத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் பயம் பிடித்தது. நான் வந்த புதிதில் இந்த ஊரில், பழனிக்காரி, கடைக்காரன் தங்கச்சி, பத்துக் கிலோ தூக்க மாட்டாள் என்று சிரித்தார்கள். அந்தப் பேச்சை நிறுத்த எனக்கு நாலு வருஷம் ஆனது. ஒரு மாதமாக ஜன்னலில் உட்கார்ந்து, இன்னொருத்தி என் பாத்தியில் நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு உங்கள் கடிதம் வந்தது. நானாகக் கேட்டிருந்தால் யாரும் மூட்டை கொடுத்திருக்க மாட்டார்கள். அண்ணன் சொன்னார் என்றதும் கொடுத்தார்கள்.

முதல் நாள் அந்தச் சின்ன மூட்டையோடு ரோட்டுக்கு ஏறி வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வலிக்கவும் இல்லை. வலிக்காது, அதை நம்பாதே என்று நீங்கள் எழுதியிருந்தது ஒவ்வொரு படியிலும் ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரு நடை என்று போனேன். இரண்டாவது வாரத்தில் முட்டி உப்ப ஆரம்பித்தது. துணியை நனைத்துக் கட்டிக்கொண்டு மேலே சேலையைத் தழைத்துக் கட்டினேன். வீக்கம் இருக்கிறதா, ஒற்றை வார்த்தை எழுது என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

டாக்டர் யார் தூக்கச் சொன்னது என்று கேட்டபோது அவர் உங்கள் பெயரைச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் சத்தியம் வாங்கியது அதற்குத்தான். உங்களுக்குத் தெரிந்தால் குடைந்து குடைந்து கேட்பீர்கள், நான் மாட்டிக்கொள்வேன். பழி உங்கள் மேல் இருக்கும் வரை எனக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதம் உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். கடை பாதிக் கதவு சாத்தியிருக்கிறது என்று சேனாதிபதி சொன்ன பிறகும், அதை அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று பூசி மெழுகி ஒரு கடிதம் எழுதினேன். உங்களைப் போல என்னைத் தூக்கி வளர்த்தவர் யாரும் இல்லை. உங்களுக்கு நான் செய்தது இது.

இன்று காலை, இதை எழுதுவதற்கு முன்னால், அவரிடமும் அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அத்தை சமையலறைக்குள் போனவர் இன்னும் வெளியே வரவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார், திரும்பி வந்து, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல கண்மணி? உக்கார வச்சுச் சோறு போட்டிருக்க மாட்டேனா?" என்றார். அந்தச் சோறுதான் எனக்கு இறங்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?  அவர் காட்டுக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

கால் என்ன ஆகும் என்று தெரியாது. கெட்டுப்போனால் அது என் கால், நான் கெடுத்தது. கடைக் கதவை முழுசாகத் திறந்து வையுங்கள். வழி கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன வழி தப்பு இல்லை.

ஜூலை 9 காலை பத்து மணிக்கு மதுரையில் இருப்பேன். உங்களை வா என்று கூப்பிடும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், அவர் ஸ்கேனை எடுப்பதற்குள், யார் தூக்கச் சொன்னது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போகிறேன்.

கண்மணி